கெடா துளுக்காத ஞாயிற்றுக்கிழமை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அதுவும் நாலு பேர் இருக்கும்போது, கொஞ்சம்கூடச் சிரிக்காமல் சொல்வார். மல்லசமுத்திரத்தில் லாரித் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் லாரிக்காரர்களிடம் பேசியே தீர்ந்துபோவதாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் மனிதர் "ம்" என்பதற்கு மேல் வாய் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசுகிறேன்.

அப்படிப் பேசித்தான் எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கூடத்துக்கு நிதி திரட்டும் அறக்கட்டளைக்குச் செயலாளர் ஆனேன். முன்னாள் மாணவர்கள் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். "நாம படிச்ச பள்ளிக்கூடத்துக்கு நாம செய்யலைன்னா வேற யாரு செய்வாங்க?" என்று வடையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி முடித்தபோது நான் செயலாளர். (வடை ஆறிப்போயிருந்தது.)

பள்ளிக்கூடத்தின் நிலைமை அப்போது மோசம். தலைமையாசிரியை தமிழரசி டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "சுமதி, வர்ற ஜூன்ல ஒண்ணாப்புக்குப் புள்ளைங்க சேரலைன்னா, பக்கத்து ஊருப் பள்ளியோட சேத்துட்டு இதைப் பூட்டிருவாங்களாட்டம் இருக்குது. பக்கத்து ஊருக்குப் போவோணும்னா மெயின் ரோட்டைத் தாண்டோணும். கூலிக்குப் போறவங்க புள்ளைங்களை யாரு கொண்டுபோய் உடுவாங்க? பாதிப் புள்ளைங்க நின்னுக்கும்."

காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் பக்கம் வீடுகள் ஒரே இடத்தில் இருக்காது. அவரவர் காட்டுக்குள் அவரவர் வீடு. தனியார் பள்ளி மஞ்சள் வேன்கள் காட்டு வரப்பு வரைக்கும் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். அரசுப் பள்ளிக்கு நடந்துதான் வர வேண்டும். எங்களுக்கும் ஒரு வேன் இருந்தால் பள்ளிக்கூடம் பிழைக்கும், இல்லாவிட்டால் பூட்டுதான்.

எங்கள் மகள் யாழினி அப்போது திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். மஞ்சள் வேன் எங்கள் வாசலுக்கே வரும். (இதை இந்த இடத்தில் சும்மா சொல்லி வைக்கிறேன்.) காலையில் ஹாரன் சத்தம் கேட்டதும் அவளுக்கு வயிற்று வலி வந்துவிடும். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். "இவளை நம்மூர்லயே போட்டா என்ன?" என்று எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். இங்கிலீஷ் மீடியம், எதிர்காலம், போட்டி உலகம் என்று நான் சொன்ன பதிலில் அடுப்பிலிருந்த குழம்பு தீய்ந்துபோனது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

வேனுக்காக நான் ஏறி இறங்காத வாசல் இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் மோர் கொடுத்தார்கள், இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் முருங்கைக்காய் கட்டிக் கொடுத்தார்கள். பணம் என்றதும் "அதுக்கென்னுங் அம்மணி, பாத்துக்கலாமுங்" என்றார்கள். எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம், இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்பதுதான். வாட்ஸ்ஆப் குழுவில் வேண்டுகோள் போட்டேன். கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. கோயில் வாசல் மாதிரி ஒரே கும்பிடு. உண்டியலில்தான் ஒன்றும் விழவில்லை.

இதற்கிடையில் எருமப்பட்டியில் ஒருவர் பழைய பள்ளி வேன் ஒன்றை விற்பதாகச் செய்தி வந்தது. போய்ப் பார்த்தோம். நல்ல வண்டி. எங்களுக்காக விலையையும் இறக்கினார். ஆனால் கறாராகச் சொல்லிவிட்டார். "திங்கக்கெழமை மத்தியானத்துக்குள்ள அட்வான்ஸ் வரோணுமுங். இல்லீன்னா ராசிபுரத்துப் பார்ட்டி காத்துக்கிட்டு இருக்கறாங்க. என்னையத் தப்பா நெனைக்கக் கூடாது."

அன்றைக்குத்தான் எனக்கு அந்த மகா யோசனை உதித்தது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வராதவர்கூட கெடா விருந்துக்குக் கூப்பிட்டால் வந்துவிடுவார். கருப்பனார் கோயிலில் கெடா வெட்டி விருந்து போடுவோம். ரிக் வண்டிக்காரர்கள், லாரிக்காரர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள் எல்லோரையும் கூப்பிடுவோம். வயிறு நிறையச் சாப்பிட்டவன் கை கழுவிவிட்டு வரும் வழியில் மேஜை போட்டு உட்காருவோம். கொடுக்காமல் எப்படிப் போவான்? வேனுக்கு அட்வான்ஸ் தேறிவிடும். வண்டியில் கடைக்குப் போகவிருந்த எங்கள் வீட்டுக்காரரை நிறுத்திவைத்து இதைச் சொன்னேன். "ம்" என்றார்.

கெடாவைக் காசு கொடுத்து வாங்கினால் செயலாளருக்கு என்ன சாமர்த்தியம்? ரிக் வண்டி ஓனர் அர்த்தனாரி அண்ணனிடம் போனேன். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் நாலைந்து வைத்திருக்கிறார். அவர் வண்டி ஓடாத மாநிலம் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வாங்கித் தருவதாக ஒரு சுதந்திர தின விழாவில் மைக்கில் சொன்னவர். அந்த மைக் செட்காரரே தொழிலை விட்டுவிட்டார், விசிறி இன்னும் வரவில்லை.

"அம்மணி, பணம் இப்பக் கொஞ்சம் டைட்டு. ஆனா புது ரிக்கு எடுத்தப்போ கருப்பனாருக்கு ஒரு கெடா நேர்ந்து உட்டிருக்கறேன். நல்லா வளந்து நிக்குது. அதையே உங்க விருந்துல வெட்டிருங்க. சாமிக்கும் ஆச்சு, பள்ளிக்கூடத்துக்கும் ஆச்சு" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு கெடா மிச்சம்! கோழிப்பண்ணை நல்லசிவம் மாமாவும் விருந்துக்கு வேண்டிய கோழி முழுவதும் தன் பொறுப்பு என்றார். நான் அவரை "கர்ணன்" என்றே குழுவில் எழுதினேன்.

கோயிலுக்கு நேர்ந்த கெடாவை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது. இந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை. பூசாரி தீர்த்தம் தெளிப்பார். கெடா உடம்பைச் சிலிர்த்து ஒரு உதறு உதற வேண்டும். அதைத் துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். துளுக்கும்வரை யாரும் அதன்மேல் கை வைக்க முடியாது. அதைவிட முக்கியம், அதுவரை பந்தியில் ஒரு வாய் சோறு விழக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. வைகாசி வெயில். நான் அரக்குப் பட்டு உடுத்தி, மல்லிகைப்பூ வைத்து, கையில் கம்பியில்லா மைக்கோடு பந்தலுக்கு நடுவில் நின்றேன். முந்நூறு பேருக்குக் குறையாமல் கூட்டம். "நம்ம பள்ளிக்கூடம், நம்ம புள்ளைங்க! தாய்மொழியில படிச்சவன் தாழ்ந்துபோனதா சரித்திரம் உண்டா?" என்று கேட்டேன். கைதட்டல். (என் மகளின் பள்ளி டைரியில் 'தமிழில் பேசியதற்கு அபராதம்' என்று எழுதி வந்த வருடம் அது.)

கெடாவைக் கூட்டிவந்தார்கள். கன்றுக்குட்டி உயரம், கரிய நிறம், வளைந்த கொம்பு. அர்த்தனாரி அண்ணனின் ஆள் அதன் பக்கத்தில் போகவே பயந்தான். எங்கள் வீட்டுக்காரர் தூணில் சாய்ந்து நின்றிருந்தார்.

"சும்மாதானுங் நிக்கறீங்க, அந்தக் கெடாவையாவது புடிங்க" என்று மைக்கை மூடாமலே சொன்னேன். ஊரே சிரித்தது. அவர் போய்க் கெடாவின் முன்னால் குனிந்து, இரண்டு காதையும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, தலையை மடியோடு சேர்த்து அணைத்து நின்றார். முட்டிவிடும் என்று பயம் போலிருக்கிறது. தார்ப்பாய்க் கடைக்காரருக்குக் கெடாவைப் பற்றி என்ன தெரியும்?

பூசாரி தீர்த்தம் தெளித்தார். பம்பை மேளம் முழங்கியது. கெடா நின்றது. இன்னொரு தரம் தெளித்தார். கெடா என்னைப் பார்த்தது. ஒரு செம்பு நிறைய முதுகில் ஊற்றினார். வெயிலுக்கு அது இதமாக இருந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டது.

பம்பைச் சத்தம் ஓய்ந்தது. பூசாரி நிமிர்ந்து, "ஏதோ கொறை இருக்குதுங். சாமி ஏத்துக்க மாட்டேங்குது. யாரு மனசுல என்ன இருக்குதோ, சொல்லிப்போடுங்க" என்றார்.

எல்லாத் தலைகளும் கெடா கொடுத்தவர் பக்கம் திரும்பின. அர்த்தனாரி அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். கடைசியில் எழுந்தே விட்டார்.

"செரி, சொல்லிப்போடறேன். சாமிக்குன்னு உட்ட கெடா. அதையே பள்ளிக்கூடத்துக்கும் குடுத்ததாக் காட்டி ரெண்டையும் ஒண்ணுல முடிக்கப் பாத்தேன். தப்புத்தான். பேனு வாங்கித் தாரேன்னு சொன்னதும் பாக்கி நிக்குது." கெடாவைப் பார்த்துக் கும்பிட்டார். "அப்பா கருப்பனாரே, வேனுக்கு அட்வான்ஸ் முழுசும் நான் போடறேன். நாளைக்குக் காத்தால டிரைவர்கிட்டக் குடுத்து உடறேன். துளுக்கிரு சாமி, மானத்தை வாங்காத!"

எனக்குக் காலே தரையில் படவில்லை. அட்வான்ஸ் வந்தாயிற்று! மைக்கில் நன்றி சொல்லப் போனேன். பூசாரி தெளித்தார். கெடா அசையவே இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சமையல்கார மணி அண்ணன் கரண்டியோடு வந்தார். "அம்மணி, துளுக்கினாலும் சோறு போட முடியாதுங். கோழி வேகவே இல்லை. விடிகாலையில அடுப்புல ஏத்துனது, இன்னும் ரப்பராட்டம் கெடக்குது. அத்தனையும் முட்டை போட்டு ஓஞ்ச கெழட்டுக் கோழிங்க!"

நல்லசிவம் மாமா இருமினார். ஆள் நல்லவர்தான், ஆனால் பண்ணையில் கழித்துக்கட்ட வேண்டிய கோழிகளை எங்களுக்குத் தர்மமாகத் தள்ளிவிட்டிருக்கிறார். கூட்டம் அவரைப் பார்த்தது. கெடாவும் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. அவர் எழுந்து, "டீசல் செலவு நான் குடுக்கறேன். வண்டி ஓடற வரைக்கும். ஆளை உடுங்க சாமி" என்று கெடாவிடம் நேராகவே பேசினார்.

மறுபடியும் தீர்த்தம். மறுபடியும் பம்பை. கெடா நிதானமாகக் கொட்டாவி விட்டது.

மணி மூன்று இருக்கும். குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டன. பெரியவர்கள் சிலருக்குச் சர்க்கரை, தலை சுற்றுகிறது என்றார்கள். எழுந்து போகவும் முடியாது, சாமி குத்தம். முந்நூறு பேரைப் பட்டினி போட்ட ஒரே அறக்கட்டளைச் செயலாளர் நானாகத்தான் இருப்பேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. இப்படியே கலைந்தால் கருப்பனாரே இந்த வேனை வேண்டாமென்றார் என்று பேச்சாகிவிடும். அட்வான்ஸும் வராது, டீசலும் வராது. அபசகுனம் பிடித்த வண்டியில் யார் பிள்ளையை ஏற்றுவார்கள்? பள்ளிக்கூடத்தை நானே பூட்டிய மாதிரி ஆகிவிடும். தமிழரசி டீச்சர் ஓரமாக நாற்காலியில் கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் பாப்பாத்தி எழுந்தாள். களையெடுக்கக் கூலிக்குப் போகிறவள். அவளுடைய மூன்று பிள்ளைகளும் எங்கள் பள்ளிக்கூடத்தில்தான். கேலியோ கோபமோ அவள் குரலில் இல்லை. கெடா துளுக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பசிக்கிறது, அவ்வளவுதான் அவள் கவலை.

"ஏனுங் அம்மணி, கேக்கறன்னு கோவிச்சுக்காதீங்க. உங்க பாப்பா எந்த வண்டியில பள்ளிக்கூடம் போவுது?"

எங்கோ ஒரு கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு அது எங்கே போனதென்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். நான் நன்கொடை கேட்டுப் போன ஒவ்வொரு வாசலிலும், மோர் கொடுத்த ஒவ்வொரு வீட்டிலும் அது தெரிந்துதான் இருந்திருக்கிறது. கேட்க நாகரிகம் தடுத்திருக்கிறது. "பாத்துக்கலாமுங்" என்று அவர்கள் சொன்னதெல்லாம் இதைத்தானோ என்று நினைத்ததும் காதெல்லாம் சுட்டது. பட்டுப்புடவையோடு அப்படியே பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

யாழினியைத் தேடினேன். பாப்பாத்தியின் சின்ன மகளோடு பந்தல்காலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தவள் நின்று என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. கேட்டால் கிடைக்குமா என்று பொம்மைக் கடை முன்னால் நிற்கிற பிள்ளையின் பார்வை.

எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கெடாவின் காதுகளைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"இந்த ஜூன்ல…" என்றேன். மைக் கீச்சென்று கத்தியது. அதைக் கீழே வைத்துவிட்டேன். "இந்த ஜூன்ல என்ற மகளை நம்ம பள்ளிக்கூடத்துல சேக்கறேன். நம்ம வேன்ல மொத ஆளா அவதான் ஏறுவா. இது கருப்பனார் மேல சத்தியம்!"

பூசாரி செம்பைக் கவிழ்த்தார். எங்கள் வீட்டுக்காரர் கெடாவை விட்டு விலகி நின்றார். கெடா தலையை ஆட்டியது. கொம்பிலிருந்து வால் வரைக்கும் ஒரு உதறு! மஞ்சள் தண்ணீர் என் முகம், மல்லிகைப்பூ, அரக்குப் பட்டு எல்லாவற்றிலும் வந்து அடித்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. பம்பை பிய்த்துக்கொண்டு அடித்தது. அர்த்தனாரி அண்ணன் நல்லசிவம் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தமிழரசி டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். அப்பாடா! அந்த ஒரு 'அப்பாடா'வில் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதி உயிர், கோழி வெந்துவிட்டதென்று மணி அண்ணன் சொன்னபோது திரும்பியது.

கெடாவை வெட்டிச் சமைத்து, அந்தியில்தான் பந்தி போட்டோம். கிழட்டுக் கோழிக்கறியை இவ்வளவு ஆசையாக யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். மேஜை போட்டு உட்கார்ந்த எங்களிடம் யாரும் "பாத்துக்கலாமுங்" சொல்லவில்லை. பாப்பாத்திகூடச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். வேண்டாமென்றேன். "எங்க புள்ளைங்களும் அதுலதான போகும்?" என்று கையில் திணித்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை வேன் எங்களுக்கே வந்தது. ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் பெஞ்சு பத்தவில்லை. வேனில் என்ன பெயர் எழுதினாலும் ஊரில் அதற்குக் 'கெடா வண்டி' என்றுதான் பெயர். யாழினி இப்போது அதே பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். ஹாரன் சத்தம் கேட்டால் ஓடிப்போய் ஏறுகிறாள். வயிற்று வலி என்ற பேச்சே இல்லை.

ஆனால் எனக்குத்தான் நிம்மதி போயிற்று. புடவைக் கடையில் எதை எடுப்பதென்று நான் யோசித்துக்கொண்டு நின்றால் எங்கள் வீட்டுக்காரர், "அம்மணி இன்னும் துளுக்கலீங்க, கொஞ்சம் பொறுங்க" என்று கடைக்காரரிடம் சொல்கிறார். வீட்டில் ஏதாவது முடிவெடுக்கத் தயங்கினால் அப்பாவும் மகளும் செம்பில் தண்ணீரோடு வந்து நின்றுவிடுகிறார்கள். உறவுக்காரர்கள் வரை இது பரவிவிட்டது.

போன மாதம் ஒரு விருந்தில் நான் இந்தக் கதையைச் சொன்னேன். சாமி எப்படி என் வாயிலிருந்தே வார்த்தையை வரவழைத்துக் கெடாவைத் துளுக்க வைத்தது என்று கண் கலங்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தோம். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்த எங்கள் வீட்டுக்காரர் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"கெடாவுக்குக் காதுல ரெண்டு சொட்டுத் தண்ணி போனாத்தான் துளுக்கும் புள்ள. முதுகுல கொடங்கொடமா ஊத்தினாலும் நிக்கும்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு, அவர் குனிந்து இரண்டு காதையும் கொத்தாகப் பிடித்து நின்றது கண்முன் வந்தது.

"அடப்பாவி மனுசா! தெரிஞ்சேவா புடிச்சிருந்தீங்க?"

"மொதல்ல முட்டிப்போடும்னு பயந்துதான் புடிச்சேன். அர்த்தனாரி அண்ணன் வாயைத் தொறந்தாரு பாரு, அப்பறம்தான் உடக் கூடாதுன்னு பட்டுது."

"சாமி குத்தம் ஆகாதா?"

"சாமிக்குப் புடிக்கலைன்னா என்ற கையைத் தட்டி உட்டிருக்காதா?"

"முந்நூறு பேரு பசியில கெடந்தாங்களே! நான் நடுப்பந்தல்ல மானங்கெட்டு நின்னேனே! மொதல்லயே உட்டிருந்தா என்னங்க?"

அவர் அப்பளத்தை உடைத்து ரசத்தில் போட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"மொதல்லயே உட்டிருந்தா அர்த்தனாரி அண்ணன் கெடாவோட முடிச்சிருப்பாரு. நல்லசிவம் மாமா கோழியோட முடிச்சிருப்பாரு. நீ மைக்கோட ஊட்டுக்கு வந்திருப்பே. யாழினி மஞ்ச வேன்லயே போயிட்டிருப்பா."

நான் வாயைத் திறந்தேன். நல்லதாக ஒரு பதில் தேடினேன்.

யாழினி சாப்பிட்ட கையோடு எழுந்து, செம்பில் தண்ணீர் மொண்டு வந்து, என் பக்கத்தில் நின்றாள். "காதுலயாப்பா ஊத்தோணும்?" என்று கேட்டாள்.